சொந்த விருப்பத்தின் பேரில்

கோபத்தையும் பாசத்தையும் ஒரே குரலில் பேசத் தெரிந்த என் குமுதா அக்காவுக்கு,

வருகிற பங்குனியோடு நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு நாலு வரி அஞ்சலி கொடுக்கலாம் என்று என் மனைவி வேதா சொன்னாள். எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் நிற்கவில்லை. உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனாலும் ஊரும் கேட்கட்டும் என்றே திறந்த கடிதமாக எழுதுகிறேன். அச்சில் போடுவார்களோ மாட்டார்களோ, நான் எழுதிவிடுகிறேன்.

முதலில் என் செய்தி. தாலுகா அலுவலகத்தில் என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவன் நான். ஒன்பது நாளாகப் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறேன். வேதா காய் நறுக்குகிற சத்தத்தில்கூட ஒரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, பாவம்.

இதற்காக நான் வருத்தப்படவில்லை அக்கா. வேலை போனதற்கு முன்னால் ஒன்று நடந்தது. என்னைத் தின்கிறது அதுதான்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்வார்திருநகரியை விட்டுப் பிழைப்புக்காகத் தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்தில் சரக்கு எடை பார்க்கும் குமாஸ்தாவாக இருந்தவரின் மூத்த மகள் நீ. சுருக்கெழுத்து படித்து, இருபத்திரண்டு வயதில் தனியாக டெல்லிக்கு ரயில் ஏறினாய். அயல்நாட்டு விவகாரங்களைப் பார்க்கிற அமைச்சகத்தில் உனக்கு வேலை. நீ தூதராகிவிட்டதாகவே நம் தெருவில் பலர் நினைத்தார்கள். அப்பாவும் அதை மறுத்துச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இலங்கைத் தோட்டங்களில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த நம் ஆட்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட வருஷம், அந்தப் பேச்சுவார்த்தை நடந்த அறையில் ஓரமாக உட்கார்ந்து நீ குறிப்பெடுத்தாய். இவ்வளவு பேர் உங்களுக்கு, இவ்வளவு பேர் எங்களுக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பேச்சு போனதாம். அந்தத் தடவை லீவில் ஊருக்கு வந்தபோது நீ சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாய். தோணிகளில் மூட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அவங்களைத் தப்பு சொல்ல முடியலலே. வடக்க அடி வாங்கிட்டு நிக்கோம். தெக்கயும் ஒரு பகையை வச்சுக்கிட்டு நாடு தாங்காதுன்னு பேசினாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. ஆனா அந்தச் சனங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேப்போம்னு அத்தனை பேர்ல ஒருத்தர்கூடச் சொல்லல."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ரத்தம் கொதிக்கிற வயது. நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நான் எழுதப் போனவடா, பேசப் போனவ இல்ல என்றாய். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் உன்னைக் குத்தியிருக்கிறேன்! நீ லீவில் வரும்போதெல்லாம் ஏதோ ஒரு நாட்டைப் பற்றிப் பேச்சு வரும். நம் நாடு நியாயம் பேசுகிறதா, தன் பலத்தைப் பார்க்கிறதா என்று விவாதம் கிளம்பும். நான் தோற்கிற மாதிரி இருந்தால் உடனே அந்த அறையை இழுப்பேன். நீ பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாய். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷமே நீயாகக் கேட்டு, கண்டியில் இருக்கிற நம் தூதரகக் கிளைக்கு மாற்றல் வாங்கிப் போனாய். அங்கே ஏழு வருஷம் தோட்டத்து ஆட்களின் மனுக்களை எழுதிக்கொண்டிருந்தாய். டெல்லியை விட்டு எதற்கு அங்கே போனாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உன் பதினாறாம் நாள் காரியத்துக்குக் காமாட்சி என்று ஒரு பெண் பஸ் ஏறி வந்து நின்றாள். தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இங்கே நூற்பாலையில் வேலை செய்கிறவள். புருஷனுக்கு இந்தியா, அவளுக்கு இலங்கை என்று தாளில் பிரிந்து கிடந்ததாம். நீ மேலிடத்தில் திட்டு வாங்கிக்கொண்டு அவள் பெயரைப் புருஷனின் மனுவோடு சேர்த்தாயாம். "உங்க அக்கா எங்களை உக்கார வச்சு, போக இஷ்டமான்னு கேட்டாங்கய்யா. வேற யாரும் கேக்கல" என்று சொல்லி அழுதாள். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த இலையை எங்கே போடுவது என்று மறந்து நின்றேன்.

நீ இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேனே.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், இலங்கையில் அமைதி காக்கப் போன நம் படை திரும்பி வருகிற செய்தியை உனக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். நல்லது செய்யத்தான் போனார்கள், பலம் இருக்கிறது, நாம் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தார்கள் என்றாய். இரண்டு பக்கமும் எத்தனை வீட்டில் சாவு என்று முணுமுணுத்தாய். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது.

நீ போன மூன்றாம் மாதமே அங்கே மறுபடி சண்டை மூண்டது. மன்னார்ப் பக்கத்திலிருந்து சனம் படகு படகாக வந்து இறங்கியது. நம் ஊருக்கு வடக்கே உடைமரக் காட்டை வெட்டிக் கொட்டகை போட்டு ஒரு முகாம் திறந்தார்கள். அதன் பதிவேடு வருவாய் ஆய்வாளரான என் பொறுப்புக்கு வந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பேன்.

ரெஜினா டீச்சர் எனக்கு அங்கேதான் பழக்கம். நாற்பது வயதிருக்கும். புருஷனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. ஒரே மகள் நிர்மலா, பதினெட்டு வயது. முதல் நாளே என் பதிவேட்டில் அவர்களுடைய கிராமத்தின் பெயரை நான் தப்பாக எழுதியதைக் காட்டித் திருத்தச் சொன்னார். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவருடைய தாத்தா ஒவ்வொரு பருவத்துக்கும் நம் கரைக்கு வந்து முங்கிவிட்டுப் போவாராம். "அப்ப ஆரும் தாள் கேக்கேல்ல ஐயா" என்று சிரித்தார். ஒரு மாதத்துக்குள் ஒரு கொட்டகையை ஒழித்துப் பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டார். தாயும் மகளுமாகப் பாடம் நடத்தினார்கள். நம் ஊர்க் கடைக்காரர்கள் சிலேட்டும் நோட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஊர் நன்றாகத்தான் இருந்தது அக்கா.

பிறகு நம் முன்னாள் பிரதமரை நம் மண்ணிலேயே குண்டு வைத்துக் கொன்றார்கள். அன்று நான் அழுதேன். எனக்கும் கோபம் வந்தது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு வாரம் முகாம் பக்கமே போகவில்லை. போனபோது டீச்சர் எழுந்து நின்று கைகூப்பினார். நான் பதிலுக்குக் கும்பிடவில்லை. யாரோ செய்ததற்கு அந்த அம்மாள் என்ன செய்வார்? அது எனக்குப் புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. ஊருக்குப் புரியவே இல்லை. நோட்டு கொடுத்த கடைக்காரர்களே முகாம் ஆட்களுக்குச் சாமான் தர யோசித்தார்கள். வெளியாட்கள் முகாமுக்குள் போகத் தடை வந்தது. பள்ளிக்கூடக் கொட்டகையைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பூட்டியவன் நான்தான்.

இந்தத் தை மாதம் துணை ஆட்சியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். முகாம்காரர்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசும் முடிவு செய்துவிட்டதாகவும், நம் முகாமிலிருந்து முதல் தொகுதி சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார்.

"ரெண்டு நாட்டுக்கும் பேச்சு இப்பத்தான் ஒழுங்கா நடக்குது, நம்பி. இவங்க திரும்பிப் போனா, அங்க நிலைமை சரியாயிட்டுன்னு உலகத்துக்குக் காட்டலாம். அது அவங்களுக்கு வேணும். அவங்க நம்மளை விட்டுட்டு வேற பெரிய நாட்டுப் பக்கம் சாயாம இருக்கணும். அது நமக்கு வேணும். தனி ஆள் கஷ்டத்தை மட்டும் பாத்தா நாட்டை நடத்த முடியாது."

போகமாட்டோம் என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன். அப்படி யாரும் சொல்லமாட்டார்கள் என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அடிக்க நேரமில்லை, நீங்களே விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள் என்றார்.

அக்கா, இனி எழுதுவதை நன்றாகக் கேள். அந்தப் படிவத்தோடு ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, மறுப்பவர்களுக்குக் கொடுத்துவரும் உதவியை நிறுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கையெழுத்து வாங்கப் போன அன்று காலையில் காபி குடித்துக்கொண்டே அதை இரண்டு தடவை படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் முகாமுக்குப் போனேன்.

வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்தில் துணை ஆட்சியரின் ஜீப் நின்றது, அவர் அதில் இருந்தார். அந்த மாதத்து அரிசி அதுவரைக்கும் வரவில்லை. தற்செயலாகத் தாமதமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் முன்னால் வரவில்லை. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதும் படித்தார்.

"இதில 'என்ர சொந்த விருப்பத்தின் பேரில்' எண்டு கிடக்கு ஐயா. எனக்கு விருப்பமில்லை. நான் மாட்டன் எண்டு சொன்னா என்ன நடக்கும்?"

ஜீப்பைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். சட்டைப் பையில் அந்தத் தாள் நெஞ்சில் உரசிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அடிக்கவில்லை, மிரட்டவில்லை, பொய்க் கையெழுத்து போடவில்லை. அரசாங்க ஆள், தனக்கு வேண்டியவர், ஒன்றரை வருஷமாகத் தெரிந்தவர், அவருக்கே தெரியாது என்றால் எதுவும் நடக்கலாம் என்றுதானே அந்த அம்மாள் நினைப்பார்? கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து தன் பெயரை எழுதினார். மகளையும் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். டீச்சரே போட்டுவிட்டார் என்று அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. துணை ஆட்சியர் ஜீப்பை விட்டு இறங்கி வந்து என் தோளைத் தொட்டு, நல்லபடியா முடிச்சிட்டீங்க என்றார். மறுநாள் அரிசி வந்தது.

நீ அந்த அறையில் வாய் திறக்கவில்லை என்று நான் உன்னைப் பேசியதெல்லாம் அன்று சாப்பிட உட்கார்ந்தபோது ஞாபகம் வந்தது. உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள். கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். நீ செய்ததும் நான் செய்ததும் ஒன்றாகுமா?

பத்து நாள் கழித்து பஸ்கள் வந்தன. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து கப்பலில் ஏற்றுவதாக ஏற்பாடு. பஸ் ஏறுகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். நிர்மலா என் பக்கத்தில் வந்து நின்று, என்ர பேரை வெட்டாமல் விடுங்கோ ஐயா, திரும்பி வந்தாலும் வருவன் என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எல்லோர் பெயரையும் அடித்தேன், அவள் பெயரை மட்டும் அடிக்கவில்லை. டீச்சர் என்னிடம் கோபப்படவே இல்லை. இங்கே பாடம் நடத்தியதற்கு ஒரு சான்றிதழ் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பஸ் கடல் ஓரமாக வடக்கே போனது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். புன்னைக்காயல் லூர்து அண்ணாச்சியை உனக்கு நினைவிருக்கும், அப்பா காலத்திலிருந்தே நம் வீட்டுக்கு வருகிறவர். கொழும்புக்கு வெங்காயமும் கருவாடும் ஏற்றிப் போகிற தோணிக்கு அவர்தான் தண்டல், தோணி அவர் கையில்தான். கொழும்பிலிருந்து திரும்பிய கையோடு, உப்புப் படிந்த சட்டையோடு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

டீச்சருடைய சித்தி மகன் ஒருவர் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து, தூத்துக்குடித் தோணி எது என்று கேட்டு அண்ணாச்சியைத் தேடிப் பிடித்திருக்கிறார். திரும்பிப் போனவர்களை அவர்கள் கிராமத்துக்கு விடவில்லையாம், அங்கே ராணுவம் இருக்கிறதாம். ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். போய் இறங்கிய நாலாம் நாள் விசாரணைக்கு என்று நிர்மலாவைப் போலீஸ் முகாமுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இரண்டு வருஷமாக இயக்கத்தில் இருந்துவிட்டு இப்போது அகதி வேஷத்தில் வருகிறாள் என்று அவள் மேல் சந்தேகமாம். டீச்சர் தினமும் அந்த வாசலுக்குப் போய் நிற்கிறார். அப்படி ஒரு பெண்ணே எங்களிடம் இல்லை என்கிறார்களாம்.

"அந்தப் புள்ள இத்தனை நாளும் இங்கனதான் இருந்துதுன்னு ஒரு எழுத்து வேணுமாம் தம்பி. நீங்க பேர் கூப்புடுவிய இல்லா, அந்தப் புஸ்தகத்துல இருக்கும், நம்பி ஐயா தருவாவன்னு சொல்லி விட்டிருக்காவ."

நம்பி ஐயா தருவார். இன்னும் அந்த அம்மாளுக்கு என் மேல் நம்பிக்கை இருக்கிறது அக்கா.

முதலில் முறைப்படிதான் போனேன். துணை ஆட்சியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வாடிவிட்டது. ஆனாலும் முடியாது என்றார். இன்னொரு நாட்டுப் போலீஸ் விவகாரத்தில் நாம் கை வைத்ததாக ஆகிவிடும், பேச்சு நடக்கிற நேரத்தில் திருப்பி அனுப்பிய பெண்ணைக் காணோம் என்று நாமே எழுத்தில் கொடுத்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்றார். கப்பல் கப்பலாக ஆட்களை அனுப்ப முடிகிற நமக்கு ஒரு தாள் அனுப்ப முடியாதா சார் என்று கேட்டேன். அவர் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். உட்காருங்க நம்பி, தண்ணி குடிங்க என்றார்.

மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பஜாரில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நிர்மலாவின் பெயர் வருகிற பக்கங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். பதினைந்து நாளுக்கு ஒன்றாக, முப்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் போட்ட கையெழுத்து இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் நான் கையெழுத்துப் போட்டு, பதவியை எழுதி, வட்ட முத்திரை குத்தினேன். கை நடுங்கவில்லை. படிவத்தில் அவளைக் கையெழுத்துப் போட வைத்த அன்றும் நடுங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய துறைமுகத்தில் லூர்து அண்ணாச்சியின் தோணியில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. உறையைக் கொடுத்தேன். பிடிபட்டால் உங்களுக்கும் தொந்தரவு அண்ணாச்சி என்றேன். அவர் உறையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெங்காயத்துக்குத் தாள் இருக்கு, கருவாட்டுக்குத் தாள் இருக்கு. மனுசப் புள்ளைக்கு இல்லைங்கான். கொண்டுபோய்ச் சேத்துருதேன் தம்பி, நீங்க வீட்டுக்குப் போங்க."

சேர்த்தார். இரண்டு வாரம் முன்னால் அவர் திரும்பி வந்தபோது டீச்சர் எழுதிய கடிதமும் வந்தது. ஒரு பக்கம்தான். அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் வாசலில் காட்டியிருக்கிறார். உள்ளே கொண்டுபோனார்களாம். சாயங்காலம் வரைக்கும் வெயிலில் நிற்க வைத்துவிட்டு, பிறகு நிர்மலாவைக் கம்பி வேலி வரைக்கும் கூட்டி வந்து காட்டியிருக்கிறார்கள். இல்லவே இல்லை என்று அதுவரை சொன்னவர்கள், இருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டார்கள். "பத்து நிமிசம் விட்டவை. தலைமயிரை வெட்டிப் போட்டினம். அவள் ஒண்டும் கதைக்கேல்ல ஐயா. என்ர விரலைப் பிடிச்சபடி நிண்டவள்" என்று எழுதியிருக்கிறார். விடவில்லை. நகல் செல்லாது, கொழும்பில் உள்ள நம் தூதரகத்தின் வழியாக வந்தால்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சித்தி மகன் அதை நம்பித் தூதரகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நீ கண்டியில் இருந்தபோது அடிக்கடி போய் வருவாயே, அதே தூதரகம். அங்கிருந்து இங்கே கேள்வி வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த நகலைக் கொடுத்தது யார், யார் அனுமதி கொடுத்தது என்று மட்டும்தான். நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். சஸ்பெண்ட் உத்தரவைத் துணை ஆட்சியரே என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, என் பெண்ணுக்கும் பதினெட்டு வயசு நம்பி என்றார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வேதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 'எனக்குத் தெரியாது' உட்பட. "அந்தத் தாளை அன்னைக்கே எடுத்து நீட்டியிருக்கலாமே" என்றாள். ஆமாம் என்றேன்.

உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. நாடு என்றால் அதற்குப் பலம் வேண்டும், பக்கத்து நாடு பகையாகக் கூடாது, இதெல்லாம் எனக்கும் புரிகிறது. துணை ஆட்சியர் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்த பெரியவர்களும் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர்கூட டெல்லியில் எங்கோ உட்கார்ந்து, ஒரு நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் அந்தப் பெண் எப்படிக் கம்பி வேலிக்குப் பின்னால் போனாள்? நல்லதை எல்லாம் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வேலையை எல்லாம் ஜீப்பை நிறுத்தியே முடித்துக்கொள்கிறோமே, இதைத்தான் நீ முப்பது வருஷம் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாயா? எப்படித் தாங்கினாய்? கண்டியில் ஒவ்வொரு ஆளாக உட்கார வைத்துக் கேட்டது அதனால்தானா? அதுவாவது போதுமாக இருந்ததா உனக்கு? நீ இருந்திருந்தால் தூதரகத்தில் யாரையாவது பிடித்திருப்பாய். எனக்கு அங்கே ஒருத்தரையும் தெரியாது. சென்னையில் ஒரு வக்கீல் இதையெல்லாம் வழக்காகப் போடுவதாகச் சொன்னார்கள், அவருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் அங்கேதான் இருக்கிறாள்.

நான் உன்னைப் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க நீ இல்லை என்பதும் தெரியும்.

இன்னும் ஒன்று அக்கா. வருகிற வியாழக்கிழமை முகாமில் இரண்டாம் தொகுதிக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கிற புது ஆய்வாளருக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. முகாமுக்குள் நான் கால் வைக்கக் கூடாது. ஆனால் வாசலுக்கு எதிரே போகிற ரோடு எல்லோருக்கும் பொது. அந்தச் சுற்றறிக்கையை வரிக்கு வரி தமிழில் எழுதி முடித்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் ரோட்டில் நின்று, உள்ளே உள்ள அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி அதைப் படிப்பேன். ஒரு தடவை படித்து விளங்காவிட்டால் மறுபடி படிப்பேன். போலீஸ் வந்து என்னை வண்டியில் ஏற்றுகிறவரைக்கும் படிப்பேன். எத்தனை பேர் போகமாட்டோம் என்று சொல்வார்களோ, ஒருவராவது சொல்வாரோ, எனக்குத் தெரியவில்லை. படிப்பேன் அக்கா, இது உனக்குச் சத்தியம்.

வேதாவும் கூட வருகிறேன் என்கிறாள்.

உன்னோடு சண்டை போட்டே வளர்ந்த,
உன் ஒரே தம்பி,
நம்பி
தூத்துக்குடி